தோணியும் கடலும் முத்தும்: மதம், ஆன்மிகம் பற்றிக் கீழக்கரை தரும் சான்று

'மதத்தில் எனக்குப் பிடிப்பில்லை. ஆன்மிகத்தில் உண்டு' என்று சொல்வோர் நம் காலத்தில் பெருகி வருகிறார்கள். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 22 விழுக்காட்டினர் மதப்பற்று இல்லாத ஆன்மிகவாதிகளாகத் தங்களைச் சொல்லிக்கொண்டனர். நம் ஊர்களில் அப்படியொரு கணக்கு எடுக்கப்படாவிட்டாலும் படித்த இளைஞர்களிடம் இந்தப் பேச்சு தாராளமாகக் கேட்கிறது. தியான வகுப்புக்குப் போகிறார்கள், மூச்சுப் பயிற்சி செய்கிறார்கள், பள்ளிவாசலிலோ கோயிலிலோ மாதாகோவிலிலோ கால் வைப்பதில்லை. அவர்களைக் குறைசொல்லி இந்த உரையைத் தொடங்க எனக்கு விருப்பமில்லை. மதத்தின் பெயரால் நடக்கும் வெறுப்பைக் கண்டு மனம் கசந்தவர்கள் அவர்களில் பலர். அந்தக் கசப்புக்குக் காரணம் உண்டு. ஆனால் மதம் வேறு, ஆன்மிகம் வேறு என்று சொல்லும்போது எந்த வகையில் வேறு என்பதை நிதானமாகக் கேட்க வேண்டும். ஒரு கடையில் இரண்டு சரக்கு. வேண்டியதை எடுத்து வேண்டாததை விட்டுவிடலாம் என்ற வகையிலா? அல்லது, ஒரே வாழ்க்கையை நோக்கிக் கேட்கப்படும் இரண்டு கேள்விகள் என்ற வகையிலா? இரண்டாவதுதான் சரி என்பது என் துணிபு. அதற்கான சான்றைத் தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான இந்தக் கீழக்கரையின் முந்நூற்றைம்பது ஆண்டுக் கல்வி வரலாறே அதைத் தருகிறது.

மேலைநாட்டு அறிஞர் இருவரை முதலில் பார்த்துவிடுவோம். வில்லியம் ஜேம்ஸ் 1901, 1902-ஆம் ஆண்டுகளில் எடின்பரோவில் கிஃபோர்டு சொற்பொழிவுகளை ஆற்றினார். அதுவும் இந்த உரையைப்போல் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவே. சமய அனுபவத்தின் பல வகைகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் அங்கிருந்துதான் பிறந்தது. தனிமனிதர் தம் தனிமையில், தெய்வீகம் என்று தாம் கருதும் ஒன்றின் முன் நின்று உணர்வதையும் செய்வதையுமே சமயத்தின் உயிர் என்று அவர் எடுத்துக்கொண்டார். பத்தாண்டு கழித்து, 1912-இல், பிரான்ஸ் நாட்டின் எமில் துர்கைம் நேரெதிரான இடத்தில் நின்றார். புனிதமானவை பற்றிய நம்பிக்கைகளும் சடங்குகளும் மனிதர்களை ஓர் அறச் சமூகமாகக் கட்டிவைப்பதே சமயம் என்றார். இன்றைய பேச்சுவழக்கில் ஜேம்ஸ் சொன்னது ஆன்மிகம், துர்கைம் சொன்னது மதம் என்று ஆகிவிட்டது. இரண்டு வரையறையிலும் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. தனிமையில் நிற்பவனுக்கு எப்படி நிற்பது, எந்தச் சொல்லால் அழைப்பது என்று கற்றுக்கொடுத்தது ஒரு சமூகம். ஜேம்ஸ் அதை ஓரத்தில் தள்ளிவிட்டார். கூடி நின்று தொழும் நூறு பேரில் ஒருவன் உள்ளே உடைந்து அழுகிறான், பக்கத்தில் நிற்பவன் கடைக் கணக்கு போடுகிறான். துர்கைமின் அளவுகோலில் இருவரும் ஒன்றே.

இனி இந்த ஊருக்கு வருவோம். காயல்பட்டினத்தில் 1632-இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து 1703-இல் மறைந்த சதக்கத்துல்லா அப்பா அவர்களை எந்தப் பெட்டியில் போடுவது? அவர் ஷாஃபிஈ என்ற இஸ்லாமியச் சட்ட மரபில் தேர்ந்த ஆலிம், அதாவது மார்க்க அறிஞர். தொழுகை, நோன்பு, வாரிசுரிமை, வணிகம் ஆகியவற்றில் தீர்ப்புச் சொல்லும் தகுதி பெற்றவர். அதே மனிதர் நபிகள் நாயகத்தின் மீது அரபியில் இயற்றப்பட்ட வித்ரிய்யா என்ற பாமாலையின் ஒவ்வோர் ஈரடிக்கும் மூன்றடி சேர்த்து ஐந்தடியாக்கிய பெரும் கவிஞர். உருகி ஓதப்படும் அந்தப் பாக்களை யாத்தவரைச் சூஃபி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அவர் காலத்தில் இந்த ஊரின் பெருவணிகராக விளங்கியவர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். தமிழுலகம் அவரைச் சீதக்காதி என்று அறியும். சேதுநாட்டு மன்னர் கிழவன் சேதுபதியின் அவையில் செல்வாக்குப் பெற்றவர், புலவர்க்கு வாரி வழங்கியவர், உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடக் காரணமானவர். அவர் எழுப்பியதாகச் சொல்லப்படும் ஜும்ஆப் பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தவர்களுக்கு, சேதுநாட்டுத் தச்சர்களின் கை அங்கே வேலை செய்திருப்பது புரியும். சட்டம் அறிந்த ஆலிம், கொடைக்குப் பெயர்பெற்ற வணிகர், தமிழ்க் காப்பியம், கல்லில் பள்ளிவாசல் எல்லாம் ஒரே தலைமுறையில் கூடி நின்றன. இவற்றுள் எது மதம், எது ஆன்மிகம் என்று கோடு கிழிக்க முயன்றால் கோடு ஒவ்வொரு மனிதருக்கும் நடுவில்தான் விழும்.

இது தற்செயலன்று. அவர்கள் கற்ற கல்வியே அப்படி அமைந்தது. வானவர் ஜிப்ரீல் பற்றிய புகழ்பெற்ற நபிமொழியில் மூன்று கேள்விகள் அடுத்தடுத்து வருகின்றன. இஸ்லாம் எது என்பதற்குச் செயல்கள் விடையாகின்றன. ஈமான் எது என்பதற்கு நம்பிக்கைகள் விடையாகின்றன. மூன்றாவதாக இஹ்ஸான் எது என்று கேட்கப்படும்போது, இறைவனைக் காண்பதுபோல் வணங்கும் மனநிலை விடையாகிறது. மூன்றாவது கேள்விக்குத் தனியான செயல் எதுவும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் சொன்ன அதே தொழுகையை எந்த மனத்தோடு தொழுகிறாய் என்பதே அந்தக் கேள்வி. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா உலூமித்தீன் நூலை நாற்பது பகுதிகளாக எழுதினார். அதில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் உளூவின் விதியும் பொறாமையை வேரறுக்கும் வழியும் ஒரே நூலின் இரு பகுதிகளாக வருகின்றன. பக்தாதின் நிஸாமிய்யாக் கல்லூரியில் மிக உயர்ந்த பதவியை 1095-இல் துறந்து வெளியேறிய மனிதர் அவர். அத்தனை தூரம் உள்ளே பயணம் போனவர் எழுதிய நூலில் தொழுகையின் விதிகளை விட்டுவிடவில்லை.

இதே இணைப்பைத் தென்னகத்திலும் காணலாம். மலபாரின் பொன்னானியில் வாழ்ந்து 1522-இல் மறைந்த ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய அத்கியா என்ற அரபிப் பாடல் தென்னகத்து மத்ரஸாக்களில் நெடுங்காலம் பயிலப்பட்டது. ஷரீஅத் என்ற சட்டநெறி மரக்கலம், தரீக்கத் என்ற பயிற்சிநெறி கடல், ஹகீக்கத் என்ற உண்மை அதன் அடியிலுள்ள முத்து என்பது அதில் வரும் கருத்து. முத்துக்குளித்த கரையில் இருப்பவர்களால் இந்த உவமையை வெளியூர்க்காரரைவிட ஆழமாகப் படிக்க முடியும். மன்னார் வளைகுடாவில் குளியாளி கல்லைக் காலில் கட்டி இறங்கும்போது அவன் தனியன். அடியில் அவனுக்குத் துணை யாருமில்லை. மூச்சு அவனுடையது, இருட்டு அவனுடையது. ஆனால் அவன் இடுப்பிலிருந்து போகும் கயிற்றின் மறுமுனையைத் தோணியில் ஒருவர் பிடித்திருக்கிறார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்பது முத்துக்குளித்துறைகளில் வழங்கிய பேச்சு. தங்கை தாலிக்கு ஆபத்து வர அவன் விடமாட்டான் அல்லவா. தோணியிலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு முத்து கிடைத்ததில்லை. தோணியும் கயிறும் வேண்டாம் என்று குதித்தவனைப் பற்றிச் சொல்ல ஆள் இருந்ததில்லை. ஜேம்ஸ் சொன்ன தனிமை குளியாளியின் தனிமை, துர்கைம் சொன்ன சமூகம் தோணி. இரண்டுக்கும் இடையில் ஒரு கயிறு ஓடுவதை அத்கியாவின் பார்வை நமக்கு நினைவூட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே மரபு இன்னும் விரிவாகத் தெரிகிறது. தைக்கா சாஹிபு என்று மக்கள் போற்றிய ஷெய்கு அப்துல் காதிர் ஆலிம் இங்கே கற்பித்தார். அவருடைய மருமகன், மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றும் இமாமுல் அரூஸ் என்றும் பெயர்பெற்ற செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898), அரூஸிய்யா மத்ரஸாவை நடத்தினார். காதிரிய்யாத் தரீக்கா என்ற சூஃபி நெறியின் ஒரு கிளையையும் வழிநடத்தினார். கடல் கடந்து இலங்கையில் பல ஊர்களில் சமயப்பணி செய்தார். அவர் அரபுத்தமிழில் எழுதிய பத்ஹுத் தய்யான் நம்பிக்கையையும் சட்டத்தையும் விளக்கும் நூல். அரபுத்தமிழ் என்பது தமிழை அரபி எழுத்தில் எழுதும் முறை. குர்ஆன் ஓதக் கற்றவர்களுக்கு அந்த எழுத்து தெரியும். ஆகவே தமிழ்ப் பள்ளிக்கூடம் போகாத பெண்களும் அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து அந்த நூலைப் படித்தார்கள். சட்ட நூலை இப்படி வீட்டுக்குள் கொண்டுசேர்த்த அதே கை அரபியில் உருக்கமான துதிப்பாக்களையும் எழுதியது. மக்களை விதிகளுக்குள் அடைப்பது மட்டும் நோக்கமென்றால் ஒரு தீர்ப்புத்தொகுப்போடு நின்றிருக்கலாம். நோக்கம் அதற்கும் அப்பால் போனது. அதற்குச் சான்று இதே ஊரில் வாழ்ந்த ஆசியா உம்மா. மெய்ஞ்ஞானத் தீப இரத்தினம் என்ற நூற்பெயரிலேயே அவர் பாடல்களின் திசை தெரிகிறது. பள்ளிவாசலில் பதவி ஏதும் வகிக்க வழியில்லாத ஒரு பெண், வீட்டில் இருந்தபடி ஞானத்தைப் பற்றித் தமிழில் பாடியிருக்கிறார். மதம் அவருக்கு மேடை தரவில்லை என்பது உண்மை. பாடுவதற்கான சொற்களையும் தேட்டத்தையும் தந்தது அதே மதம் என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளில் ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் பேசுவது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். குணங்குடி மஸ்தான் சாஹிபு என்ன செய்தார்? தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, கீழக்கரையில் தைக்கா சாஹிபிடம் கற்று, திருமணத்தை மறுத்து, ஊரையும் உறவையும் விட்டுப் பித்தரைப்போல் அலைந்து, கடைசியில் வடசென்னையில் தங்கி 1838-இல் மறைந்தவர் அவர். மதத்தின் கட்டை அறுத்துக்கொண்டுபோன ஆன்மிகத்துக்கு அவரைவிடச் சிறந்த உதாரணம் உண்டா என்று கேட்கலாம். அவருடைய பாடல் தொகுப்பை எடுத்துப் பார்ப்பதே இதற்கு விடை. முகியித்தீன் சதகமும் அகத்தீசர் சதகமும் அதில் அருகருகே இருக்கின்றன. ஒன்று பக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி அவர்களை நோக்கியது. மற்றது பெயரளவிலேயே தமிழ்ச் சித்தர் மரபைத் தொட்டு நிற்பது. ரஹ்மானை அழைத்துக் கண்ணி பாடியவர், மனோன்மணியை அழைத்தும் பாடினார். மதம் கடந்தவர் என்றால் இந்தப் பெயர்களையெல்லாம் உதறியிருக்க வேண்டும். அவர் உதறவில்லை, பெருக்கிக்கொண்டார். கீழக்கரையில் கற்ற இறைநாமங்கள் அவரிடம் கடைசிவரை இருந்தன. அதனால்தான் தமிழ்ச் சித்தர்களின் சொற்களையும் கூச்சமில்லாமல் எடுத்தாள அவருக்குத் துணிவு வந்தது. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் என்ற சைவப் புலவர் இவர்மீது நான்மணிமாலை பாடினார். தம் மதத்தை விட்டுவிட்டு அவர் இவரைப் போற்றவில்லை. தன் மரபில் வேரோடியவர் இன்னொரு மரபில் வேரோடியவரை அடையாளம் கண்டுகொண்டார் என்றே அதை நான் வாசிக்கிறேன்.

சேதுநாட்டில் இதற்கு இணை இல்லாமலில்லை. திருச்சிராப்பள்ளி அரண்மனைப் பொறுப்பை விட்டு வந்த சைவக் கவிஞர் தாயுமானவர் அடங்கிய இடம் இராமநாதபுரத்தின் லட்சுமிபுரம். சமரசம் பேசியவர் என்று கொண்டாடப்படும் அவர், சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என வரிசைப்படுத்துகிறார். கனி வேண்டுமென்பதற்காக அரும்பைக் கிள்ளி எறிய அவர் சொல்லவில்லை. ஷரீஅத், தரீக்கத், ஹகீக்கத் என்ற மூன்றோடு மஃரிபத் என்ற மெய்ஞ்ஞானத்தையும் சேர்த்த நான்கு படிகளோடு இதை ஒப்பிட்டு எழுதியவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். கோட்பாடுகள் வேறு, கடவுளைப் பற்றிய எண்ணங்கள் வேறு. இரண்டு மரபும் வெளிச்செயலிலிருந்து உள்நோக்கிப் படி அமைத்தன, கீழ்ப்படியை இடிக்கவில்லை என்ற அளவில் ஒற்றுமை நிற்கிறது. 1897 ஜனவரி 26-இல் பாம்பனில் கரையிறங்கிய விவேகானந்தர் மறுநாள் இராமேசுவரம் கோயிலில் பேசியதையும் இங்கே சேர்க்க வேண்டும். மனத்தூய்மையும் பிறர்க்கு நன்மை செய்தலுமே வழிபாட்டின் சாரம், ஏழையிடத்தில் சிவனைக் காண்பவனே உண்மையில் வழிபடுகிறவன் என்று அவர் சொன்னார். எங்கே நின்று சொன்னார் என்பது முக்கியம். கோயிலுக்கு எதிரே ஒரு மேடை போட்டுச் சொல்லவில்லை. கோயிலுக்குள், வழிபட வந்தவர்களிடம் சொன்னார். அந்தப் பேச்சை அடுத்து, இராமநாதபுர அரசர் பாஸ்கர சேதுபதி ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கச் செய்தார். வழிபாடு வழிபடுபவனை என்ன செய்திருக்கிறது என்ற கேள்விக்கு அங்கே உடனடியாக ஒரு விடை கிடைத்தது.

நான் எடுத்துக்கொண்ட வேறுபாடு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நாம் சேர்ந்து எதை நம்புகிறோம், எதைச் செய்கிறோம், எதை விலக்குகிறோம் என்று மதம் கேட்கிறது. அதற்குச் சமூகம் விடை சொல்லலாம், சாட்சி வைக்கலாம், ஏட்டில் எழுதலாம். செய்தது செய்தவனை எப்படி மாற்றியது என்று ஆன்மிகம் கேட்கிறது. அவனுடைய ஆணவம் குறைந்ததா, கோபம் தணிந்ததா, பிறர் துன்பம் அவனுக்குத் தைக்கிறதா என்பதற்கு அவனே விடை சொல்ல வேண்டும். அவன் பொய் சொன்னால் அவன் வீட்டாரும் வேலைக்காரரும் அறிவார்கள். முதல் கேள்விக்குச் சரியாக விடை சொல்லி இரண்டாவதில் முற்றிலும் தோற்பவர்கள் உண்டு. அதனால் வேறுபாடு மெய்யானது. முதல் கேள்வியே இல்லாதபோது இரண்டாவது கேள்விக்கு ஆராய எதுவும் மிஞ்சாது. அதனால் பிரிவினை பொய்யானது.

அப்படியானால் கடவுளை நம்பாதவர்க்கு ஆன்மிகம் இல்லையா என்று கேட்பீர்கள். பகுத்தறிவு இயக்கம் வேர்கொண்ட நாட்டில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. படைத்தவன் என்று ஒருவனை ஏற்காத சமணமும் பௌத்தமும் இந்த மண்ணில் கடுமையான உள்முகப் பயிற்சிகளை வளர்த்தன என்பது ஒரு விடை. அதைவிட நல்ல விடை திருக்குறளின் துறவறவியலில் இருக்கிறது. மெய்யுணர்தல் என்ற அதிகாரம் 36-ஆவதாக வருகிறது. அதற்குமுன் வள்ளுவர் வைத்தவை அருளுடைமை, புலால் மறுத்தல், தவம், கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை, வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை, நிலையாமை, துறவு. பெரும்பாலும் நடத்தை பற்றியவை; அவற்றினூடே வேடதாரித் துறவியைச் சாடும் ஓர் அதிகாரமும் உண்டு. எந்த மதத்தின் பெயரையும் சொல்லாத நூல் அது. இருந்தும் அதில் ஒழுங்கு இருக்கிறது, விலக்கு இருக்கிறது, படிவரிசை இருக்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாமல் ஒருவர் உள்ளத்தைப் பண்படுத்திக்கொள்ள முடியும் என்பதை நான் மனமார ஏற்கிறேன். கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் முடியும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. வாரக்கடைசியில் கிடைக்கும் மன அமைதி நல்லதே, உடலுக்கும் நல்லது. அது யாரிடமும் பொய் சொல்லக்கூடாது என்றோ கூலியைக் குறைக்கக்கூடாது என்றோ நம்மைக் கட்டாயப்படுத்தாதவரை அதற்கு வேறு பெயர் வைப்பதே நேர்மை.

இந்த உரையின் கனமான பகுதிக்கு இப்போது வருகிறேன். கீழக்கரைக்கு அடுத்த ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இப்ராஹீம் பாதுஷா ஷஹீத் தர்காவில் குணம் கிடைக்கும் என்று நம்பி, மதம் பாராமல், பல மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் அழைத்துவந்து விட்டுப்போனவர்கள் அவர்கள். மதத்தைக் குறைசொல்லி ஆன்மிகத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். இந்தச் சாவுக்கு எந்த மதச் சட்டம் காரணம்? ஷரீஅத்தில் நோயாளியைச் சங்கிலியில் கட்டச் சொல்லும் விதி இல்லை. மருத்துவம் தேடுவது அதில் ஊக்குவிக்கப்பட்டது. எல்லா மதத்தாரும் கூடும் திறந்த இடம், விதிகளைவிட நம்பிக்கையும் கனவும் பேசும் இடம் அந்தத் தர்கா. இன்று ஆன்மிகம் என்று புகழப்படும் இயல்புகள் பலவும் அங்கே இருந்தன. கேட்பாரற்ற நிலை இருந்ததுதான் குற்றம். வறுமையும் களைப்பும் கொண்ட குடும்பங்களுக்கு ஊர்ப்பக்கத்தில் மனநல மருத்துவமனை இல்லை. கொட்டகையை நடத்தியவர்களுக்கு உரிமம் இருக்கிறதா என்று அரசு பார்க்கவில்லை, 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இருந்தும். சுற்றியிருந்த சமூகம், சமயத் தலைவர்கள் உட்பட, பழகிப்போய்க் கேளாமல் இருந்தது.

பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. தர்காவுக்கு வருவோர்க்குத் துஆ என்ற பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும் திட்டம் ஏர்வாடியில் நடைமுறைக்கு வந்தது. நம்பி வருபவரை விரட்டாமல், நம்பிக்கையை மருந்துக்கு எதிரியாக்காமல், மனநல மருத்துவரை அந்த இடத்துக்கே கொண்டுவந்த இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆன்மிகம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை வெளியிலிருந்து, சட்டத்தின் வழியாக வரவேண்டியதாயிற்று. இஹ்ஸானைப் பாடம் சொல்லிய மரபின் உள்ளிருந்தே அது வந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இன்னொரு தரப்பிலிருந்தும் மறுப்பு வரும். தர்காவும் தரீக்காவும் மார்க்கத்தில் பிற்காலத்தில் புகுந்தவை, குர்ஆனும் நபிவழியும் போதும் என்று வாதிடும் தவ்ஹீது அன்பர்கள் இந்த மாவட்டத்திலும் உண்டு. அவர்கள் கேள்வியைக் கோபமில்லாமல் கேட்க வேண்டும். அடக்கத்தலத்தில் வேண்டுவது கூடுமா என்பது மார்க்க அறிஞர்கள் பேசித் தீர்க்கவேண்டிய விவாதம். அதில் தீர்ப்புச் சொல்ல இந்த மேடை இடமன்று. ஆனால் உள்ளத்தைத் தூய்மைசெய்வது குர்ஆனே வலியுறுத்தும் கடமை. அதைச் சூஃபி என்ற பெயரில் சொன்னாலும் வேறு பெயரில் சொன்னாலும் கடமை தீராது. சடங்குகளைக் களைவதில் அவர்கள் காட்டும் கண்டிப்பை, பொறாமையையும் பெருமையையும் களைவதிலும் காட்டினால் கஸ்ஸாலி அவர்களைத் தம் பக்கத்தில் உட்காரவைப்பார். தரீக்காவைச் சார்ந்தவர்களிடமும் அதே அளவுகோலை வைக்க வேண்டும். இறைவனை நினைந்து ஓதும் திக்ர் மஜ்லிஸ் முடிந்து வீடு திரும்பியவர் மனைவியிடம் எப்படிப் பேசுகிறார் என்பதிலிருந்து அந்த மஜ்லிஸைப் பற்றி ஓரளவு சொல்லிவிடலாம்.

கடைசியாக, கீழக்கரைக்கே உரிய ஒரு வேலை. பத்ஹுத் தய்யானை இன்று அரபுத்தமிழில் சரளமாகப் படிக்கக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பழைய வீட்டுப் பெட்டகங்களில் இருக்கும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளை உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கிறது. ஆசியா உம்மாவின் பாடல்கள் தமிழ்த்துறைப் பாடத்திட்டங்களில் அரிதாகவே தென்படுகின்றன. இந்த ஊரின் கல்லூரிகளிலும் மத்ரஸாக்களிலும் இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்துப் படிக்க வேண்டும்: காலையில் பத்ஹுத் தய்யானின் தொழுகைப் பகுதி, மாலையில் மெய்ஞ்ஞானத் தீப இரத்தினம். அரபுத்தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்த முதிய பெண்கள் இன்னும் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். அந்த வகுப்புக்கு முதல் ஆசிரியராக அவர்களில் ஒருவரை அழைக்க வேண்டும், இந்த ஆண்டிலேயே.